1331 என்று தேதியிட்ட தந்தி

இஸ்தான்புல்லின் சிர்கெஜி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், பெரிய தபால் நிலையத்துக்கு. வெதாத் தெக் வடிவமைத்த கட்டடம். 1905-ல் தொடங்கி 1909-ல் முடிந்தது. அஞ்சல், தந்தி அமைச்சகத்துக்காகக் கட்டியது. 1915-ல் உதுமானியப் பேரரசு ஆர்மீனியர்களை ஊர் ஊராக வெளியேற்றிய உத்தரவுகள் தந்திக் கம்பியில்தான் பறந்தன. உள்துறை அமைச்சர் தலாத் ஒருகாலத்தில் எடிர்னேயில் தந்தி குமாஸ்தா. அமைச்சரான பிறகு வீட்டிலும் ஒரு தந்திக் கருவி வைத்திருந்தார்.

அந்தக் காலத் தாள் ஒன்று கண்ணில் பட்டால் முதலில் தேதியைப் பாருங்கள். அது ரூமி எனும் உதுமானிய அரசு நாட்காட்டியில் இருக்கும். ரூமி ஆண்டோடு 584-ஐக் கூட்டுங்கள், நாளோடு 13-ஐக் கூட்டுங்கள். ஹசிரான் என்பது ஜூன். '21 ஹசிரான் 1331' என்றால் ஜூன் 34, அதாவது 1915 ஜூலை 4. ஆண்டு மார்ச்சில் பிறப்பதால் ஜனவரி, பிப்ரவரிக்கு 585 கூட்ட வேண்டும். அதை மறந்தால் ஓராண்டு பின்னால் போய்விடும். 1917 மார்ச் 1 முதல் 13 நாள் வித்தியாசமே கிடையாது. அரபு வடிவ எண்களிலும் ஒரு பொறி உண்டு: வட்டமாக இருப்பது 5, வெறும் புள்ளிதான் பூஜ்யம்.

எழுத்து ரிகா பாணி, அதாவது அரபு எழுத்தை வேகமாக எழுதும் கையெழுத்து. இரண்டு புள்ளிகள் ஒரு சிறு கோடாகச் சுருங்கிவிடும், பல இடங்களில் புள்ளியே இருக்காது. 1928-ல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியதால் இன்றைய துருக்கியர் பலருக்கும் இது தெரியாது. ரகசியத் தந்தி என்றால் சொற்களுக்குப் பதில் எண் கொத்துகள்தான் வரும். பெற்ற அலுவலகம் குறியீட்டு நூலைப் பார்த்து விடுவித்தது.

கிழக்கே எர்சுரூமிலிருந்து, ஆளுங்கட்சியின் சிறப்பு அமைப்பை நடத்திய பஹாயெத்தின் ஷாக்கிர் அனுப்பிய தந்தி அப்படிப்பட்டது. மேலே சொன்ன ஜூலை 4 அதன் தேதிதான். அனுப்பப்பட்ட ஆர்மீனியர்கள் ஒழிக்கப்படுகிறார்களா, வெறுமனே நாடுகடத்தப்படுகிறார்களா என்று கேட்கிறது. பாதிரியார் க்ரிகோர் கெர்கெரியான் ஜெருசலேமில் எடுத்த ஆவணப் படங்களுக்குள் இது கிடந்தது. 2017-ல் வரலாற்றாய்வாளர் தானர் அக்சாம் வெளிக்கொணர்ந்தார். உதுமானியத் தலைப்புத் தாளும், அமைச்சகத்தின் மற்ற ஆவணங்களோடு பொருந்திய எண்குறியீடும்தான் அது உண்மையானது என்று காட்டின. தாளின் பழுப்பு நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

உள்துறை சங்கேதப் பிரிவின் கோப்புகள் கியாத்தானேயில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள், கோப்பு எண்ணை முன்கூட்டியே குறித்து வையுங்கள். பெயாசித்தின் பழைய புத்தகச் சந்தையில் தாள் வாங்குவதானால் கவனம்: 2863-ம் எண் சட்டம் பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதைக் கட்டுப்படுத்துகிறது. அருங்காட்சியகச் சான்று இல்லாமல் விமான நிலையத்தில் நீட்டாதீர்கள்.

ஆர்மீனியர், முஸ்லிம்கள் என்ற இரு சமூகத்தின் உறவைப் பார்க்க வேண்டுமென்றால், என்னைக் கேட்டால், மூன்றாம் படைத் தளபதி மஹ்மூத் காமில் பாஷா 1915 ஜூலை 10-ல் அனுப்பிய தந்தியைத்தான் காட்டுவேன். ஆர்மீனியரை ஒளித்துவைக்கும் முஸ்லிமை அவர் வீட்டு வாசலிலேயே கொல்ல வேண்டும், வீட்டையும் கொளுத்த வேண்டும் என்று மாகாணங்களுக்கு உத்தரவிடுகிறது. யாருமே ஒளித்துவைக்கவில்லை என்றால் இப்படி ஒரு மிரட்டலுக்கு வேலையே இல்லை. பக்கத்து வீட்டார் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அது தளபதி வரை எட்டியிருக்கிறது. இந்த ஆர்மீனியர் கொலைகளுக்காக இஸ்தான்புல்லில் நடந்த 1919 விசாரணையின் குற்றப்பத்திரிகை தக்விம்-இ வெக்காயி அரசிதழின் 3540-ம் இதழில் அச்சாகியிருக்கிறது. அச்செழுத்து என்பதால் புதிதாகப் படிப்பவர்கள் ரிகாவை விட்டுவிட்டு இதிலிருந்து தொடங்கலாம்.