அப்படித்தான் எரியும்

தோட்டக்காரப் பெரியவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "பேட்டரி ஒயரைக் கழற்றினீர்களே தம்பி, அப்போது முன்விளக்கு பளிச்சென்று எரிந்ததே, அது ஏன்?" கையில் ஸ்பேனரோடு, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னேன்: "அது அப்படித்தான் எரியும் ஐயா."

நான்கு மாதம் ஆகிறது. தண்டையார்பேட்டையில் கண்டெய்னர் லாரிக்கு ஒயரிங் இழுத்துக்கொண்டிருக்கும்போதும் அந்தப் பதில் வந்து முன்னால் நிற்கிறது.

மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கும் பழைய புல்வெட்டும் டிராக்டர் அது. ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். சார்ஜ் ஏறவில்லை. ஓராண்டில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டார்கள். தினமும் காலையில் வேன் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு உசுப்புவது பெரியவரின் வேலை. கொட்டகையில் வைத்து ஓடவிட்டு மீட்டர் பிடித்தேன். 12.2 வோல்ட். என்ஜினை முறுக்கினாலும் அதே 12.2. சார்ஜ் ஏறினால் 14-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும்.

அங்கே நிறுத்தி யோசித்திருக்கலாம். கை யோசிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் அம்பாசிடர் டைனமோவில் கற்றுத்தந்த வித்தை அது. ஒயரைக் கழற்று, வண்டி நின்றால் டைனமோ போய்விட்டது, ஓடினால் நன்றாக இருக்கிறது. டைனமோவும், பேட்டரி மின்சாரம் திரும்பி டைனமோவுக்குள் பாயாமல் துண்டிக்கும் கட்-அவுட்டும் இருந்த காலத்தில் அது ஓரளவு செல்லுபடியானது. இந்த டிராக்டரில் அதற்குப் பொருளே இல்லை. ஃப்ளைவீல் காந்தம் காயிலைக் கடக்கும்போதே பிளக்குக்குப் பொறி வந்துவிடும். பேட்டரி செத்தாலும் இருந்தாலும் என்ஜின் ஓடும். அதைவிட மோசம், என்ஜினில் பிறக்கும் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், டையோடும் தைரிஸ்டரும் மாதிரி நுண்ணிய மின்பாகங்கள் உள்ளது; அது வேலை செய்துகொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிரித்தால் வோல்ட் எகிறி அது செத்துப்போகலாம். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. கடைப் பையன்கள் செய்தால் திட்டியிருப்பேன்.

என்ஜின் ஓடியது. "டைனமோ நன்றாக இருக்கிறது" என்று அறிவித்தேன். அதில் டைனமோவே கிடையாது.

பிறகுதான் ஒழுங்கான வேலை. ஒயரை மாட்டிவிட்டு, ரெகுலேட்டர் சாக்கெட்டைப் பிரித்து, ஃப்ளைவீல் காந்தம் சுற்றும்போது சார்ஜ் மின்சாரம் பிறக்கும் கம்பிச்சுற்றான ஸ்டேட்டரின் ஒயர் இரண்டிலும் ஏசி வோல்ட் அளந்தேன். முழு வேகத்தில் 29 வோல்ட். ஸ்டேட்டர் நலம். ரெகுலேட்டரைக் கழற்றினால் அடியில் காவி நிறப் பொடி. எண்ணூர்க் கடற்கரையோரம் சில வருடம் கிடந்த வண்டி அது; உப்புக்காற்று போல்ட்டின் அடிவரை தின்றிருந்தது. ரெகுலேட்டருக்கு எர்த், அதாவது மின்சாரம் திரும்பும் வழி, வண்டியின் உடம்பைத் தொடும் அந்த அடிப்பாகம் வழியாகத்தான் கிடைக்க வேண்டும். உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து மாட்டினேன். மீட்டரில் மறுபடியும் 12.2.

ரெகுலேட்டர் போய்விட்டது. எப்போது போனது என்பதுதான் கேள்வி.

எனக்காக நானே வாதாடிப் பார்த்திருக்கிறேன். எர்த் இல்லாத ரெகுலேட்டரில் மின்சாரமே ஓடியிருக்காது. ஓடாததை நான் எப்படி எரித்திருப்பேன்? ஏற்கெனவே செத்ததைத்தான் கழற்றினேன். நல்ல வாதம். ஆனால் துரு சுவரைப் போல முழுதாய் மறைப்பதில்லை. அதிர்வில் ஒரு கணம் தொடும், மறுகணம் விடும். மீட்டர் 12.2 காட்டிய நொடியில் தொடாமல் இருந்தது, நான் ஒயரைப் பிடுங்கிய நொடியில் தொட்டிருந்தால்?

அங்கேதான் பெரியவரின் விளக்கு வருகிறது. தகரக் கொட்டகை, உள்ளே இருட்டு, விளக்கைப் போட்டது நான்தான். அது பேட்டரி லைனில் எரியும் விளக்காக இருந்தால், ரெகுலேட்டர் செத்த நிலையில் நெகட்டிவைக் கழற்றியதும் அணைந்திருக்க வேண்டும். பளிச்சென்று எரிந்தது என்றால் அந்த நொடியில் ரெகுலேட்டர் உயிரோடு இருந்து தள்ளியிருக்கிறது. சில வண்டிகளில் விளக்கை ஸ்டேட்டரிலிருந்தே நேராக இழுத்திருப்பார்கள். அப்படியானால் பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எரியும், வேகம் கூடினால் பளிச்சிடவும் செய்யும். அப்போது நான் சொன்னது பொய்யில்லை, அப்படித்தான் எரியும். கழற்றும்போது வேகத்தைக் கூட்டினேனா என்பது நினைவில் இல்லை. பார்த்தவர் அவர். நான் என்ஜின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரெகுலேட்டர் 2,800 ரூபாய் என்றேன். மேலாளரிடம் பெரியவரே போய்ச் சொன்னார்: "பையன் நன்றாகப் பார்த்தான், அதுதான் போயிருக்கிறது." ஐம்பதை நெருங்கும் என்னைப் பையன் என்றார். ஒரு வாரம் கழித்துப் புதியதை மாட்டினேன். 14.2 வந்தது. கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேலாளர் ஆச்சரியப்பட்டார். பெரியவர் ஆச்சரியப்படவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லை.

அன்று பானட் திறந்தே இருந்தது. விளக்கின் ஒயர் டேப் சுற்றிய கட்டிலிருந்து பிரிந்து, பெட்ரோல் டாங்க்குக்குக் கீழே உள்ளே போவது தெரிந்தது. விரலால் பிடித்துக்கொண்டே போனால் ஸ்விட்ச் வழியாக எங்கே போய்ச் சேர்கிறது என்று இரண்டு நிமிடத்தில் பார்த்திருக்கலாம். டேப்பின் பிசின் விரலில் ஒட்டும் வரை அந்தக் கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பானட்டை மூடிவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்டேன்.