பைக் எஞ்சின் காருக்கு ட்ரை சம்ப்: பம்ப்பைக் கடைசியில் வாங்குங்கள்

மாணவர்கள் ரேஸ் கார் கட்டி ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு 600 சிசி பைக் எஞ்சினில் வண்டி கட்டும் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். ஆயிலை எஞ்சினின் அடியில் தேக்காமல், பம்ப் வைத்து இழுத்துத் தனி டேங்கில் வைக்கும் அமைப்புதான் ட்ரை சம்ப். எங்களுடையது இப்போதுதான் ஒழுங்காக வேலை செய்கிறது. அதற்குள் பட்ட பாடு இன்னொரு குழுவுக்கு வேண்டாம்.

எதற்கு ட்ரை சம்ப் என்பது உங்களுக்கே தெரியும். வளைவில் பைக் சாய்வதால், ஆயில் எஞ்சினுக்குக் கீழே இருக்கும் பானின் (ஆயில் தொட்டியின்) அடியிலேயே நிற்கும். கார் அப்படிச் சாயாது. பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமாகும் 1 ஜி வளைவில் ஆயில் மட்டம் 45 டிகிரி சரிந்து, ஆயிலை உறிஞ்சும் குழாயான பிக்அப் காற்றை உறிஞ்சும். எங்கள் சீனியர்கள் ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர் பைக்கின் எஞ்சினில், பானுக்குள் தடுப்புத் தகடு வைத்து ஓட்டினார்கள். ஸ்கிட்பேட் (வலது, இடது என எட்டு வடிவில் இரண்டு வட்டம்) ஓட்டத்தை வண்டியின் லாகர் பதிவு செய்த கிராஃபில், வலது வட்டம் முழுக்க ஆயில் பிரஷர் அசையவில்லை. இடது வட்டத்துக்குள் போனதும் கோடு அப்படியே கீழே இறங்கியது. ஃபில்டரை அறுத்து, மடிப்புக் காகிதத்தைச் செய்தித்தாள் மேல் விரித்து வெயிலில் பார்த்தோம். செம்பு நிறத்தில் பொடிப்பொடியாக மின்னியது. கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங்கின் மேல்பூச்சு போய், அடியில் இருக்கும் செம்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

அக்யுமுலேட்டர் (அழுத்தத்தில் கொஞ்சம் ஆயிலைச் சேமித்து, பிரஷர் இறங்கும்போது தரும் குப்பி) போதும் என்று சிலர் சொன்னார்கள். ஒரு நொடித் தடங்கலை அது சமாளிக்கும். ஒரே பக்கமாகத் தொடர்ந்து வளையும்போது அதுவும் காலியாகிவிடும். ஆக, ட்ரை சம்ப்தான் என்று முடிவானது.

வினை ஆரம்பித்தது எங்கள் கோவைக் கல்லூரியின் பர்ச்சேஸ் செக்ஷனில். மூன்று கொட்டேஷன் வேண்டும், அதில் விலை குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். "பம்ப் செய்யற ஊர்ல உக்காந்துக்கிட்டு பம்ப்பை எதுக்குத் தம்பி வெளிய வாங்கறீங்க?" என்று கேட்டுக் கோப்பைத் திருப்பிவிட்டார்கள். கிணற்றுப் பம்ப் வேறு, காற்றும் ஆயிலும் கலந்த நுரையைப் பானிலிருந்து டேங்குக்கு இழுக்கும் ஸ்கேவெஞ்ச் பம்ப் வேறு என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து கிடைத்தது. அந்தக் கடிதத்தை ஆரம்பத்திலேயே கோப்போடு வைத்துவிடுங்கள்.

விலை குறைந்த கொட்டேஷன் கொடுத்த வியாபாரி, தன் கிட் "எல்லா பைக் எஞ்சினுக்கும் பொருந்தும்" என்றார். இந்த வார்த்தையைக் கேட்டால் உஷாராகிவிடுங்கள். எஞ்சினுக்குள் இருக்கும் ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு, எஞ்சினுக்கு ஆயிலைப் பிரஷரில் அனுப்ப ஒன்று, ஸ்கேவெஞ்சுக்கு இரண்டு என மூன்று ஸ்டேஜ் (ஒரே ஷாஃப்டில் மூன்று அறை) பம்ப்பை வெளியே மாட்டச் சொன்னார். சிபிஆரில் வாட்டர் பம்ப் சுற்றுவதே ஆயில் பம்ப் ஷாஃப்டால்தான். அதைக் கழற்றினால் கூலண்ட் ஓடாது. இது அவருக்குத் தெரியவே இல்லை. ஒரிஜினல் பம்ப்பைப் பிரஷருக்கு வைத்துக்கொண்டு, ஸ்கேவெஞ்சுக்கு மட்டும் இரண்டு ஸ்டேஜ் வெளிப் பம்ப் என்று மாற்றினோம். விலையும் குறைந்தது.

வந்து சேர்ந்த பம்ப் எதிர்த் திசையில் சுற்றுகிற ரகம். ஆர்டரில் திசையைத் தெளிவாக எழுதியிருந்தோம். பார்சல் பிரித்த அன்றே ஆயில் நுழையும் வாய்க்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, புல்லியைக் கையால் சுற்றி, வெளிவாயில் விரலை வைத்துப் பார்த்ததால் தப்பித்தோம். ஆயில் விரலைத் தள்ளுவதற்குப் பதில், அந்த வாய் விரலை உள்ளே இழுத்தது. "நீங்க மாட்டுனது தப்பு" என்று வியாபாரி சாதித்தார். மாட்டவே இல்லை என்பதற்கு வீடியோ அனுப்பியதும் பேச்சு நின்றது, மாற்றுப் பம்ப் வந்தது. பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள்.

பம்ப்பை எங்கிருந்து சுற்றுவது என்பதிலும் கவனம். சக்கரத்துக்குச் செயின் போகும் ஸ்ப்ராக்கெட் ஷாஃப்டிலிருந்து எடுப்பது சுலபம் என்பார்கள். வண்டி நின்றால் அந்த ஷாஃப்டும் நின்றுவிடும். ஐடிலிங்கில் பான் நிரம்பிவிடும். நாங்கள் கிராங்க் முனையிலிருந்து ஷாஃப்டை நீட்டி, பல் பெல்ட் போட்டு, கிராங்கின் பாதி வேகத்தில் ஓட்டுகிறோம்.

கியர்பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் அதே ஆயில்தான் என்பதால், ஒரு ஸ்கேவெஞ்ச் பிக்அப் கிராங்க் பக்கம், இன்னொன்று கிளட்ச் பக்கம் இருக்க வேண்டும். பிரஷர் அதிகமானால் ரிலீஃப் வால்வ் திறந்து கொட்டும் ஆயிலும் பானுக்குள்ளேதான் விழும். அதையும் சேர்த்து இழுக்கிற அளவுக்கு ஸ்கேவெஞ்ச் பம்ப் பெரிதாக இருக்க வேண்டும்.

உண்மையில் காசும் கவனமும் முதலில் போக வேண்டிய இடம் டேங்க்; பம்ப்பைக் கடைசியில் வாங்கச் சொல்வது அதனால்தான். கோவை கணபதியில் ஒரு பட்டறை அண்ணன் அலுமினியத்தில் ஆர்கான் வெல்டிங் வைத்துக் கொடுத்தார். திரும்பி வரும் ஆயில் டேங்கின் சுவரை ஒட்டிச் சுழன்று இறங்குகிற மாதிரி வாயைச் சாய்த்து வைக்கச் சொன்னேன். "நேரா வெச்சா என்னங்க தம்பி?" என்றார். நேராக விழுந்தால் நுரை கலையாமல் மறுபடி எஞ்சினுக்கே போகும் என்றதும், சுழலுக்குக் கீழே துளையிட்ட தகடு ஒன்றையும் வைக்க அவரே யோசனை சொன்னார். அந்தத் தகடு அருமையாக வேலை செய்கிறது. வெல்டிங் துகள் போகும்வரை டேங்கைக் கழுவாமல் மாட்டாதீர்கள்.

டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் உறிஞ்சு ஹோஸ் முக்கால் அங்குலம் இருக்கட்டும், உள்ளே கம்பிச்சுருள் உள்ளதாக வாங்குங்கள். கிட்டோடு வந்த சாதா ரப்பர் ஹோஸ் சூடானதும் தட்டையாகி ஒட்டிக்கொண்டது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றினோம். அப்புறம் ஸ்கிட்பேட். இரண்டு வட்டத்திலும் கோடு ஒரே மட்டத்தில் போனது. வண்டியை 60 டிகிரி பக்கவாட்டில் சாய்த்துப் பார்க்கும் டில்ட் டெஸ்ட்டிலும் ஒரு சொட்டு சிந்தவில்லை. பான் மெலிந்ததால் எஞ்சினும் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆயில் மட்டத்தை மட்டும் காலையில் பார்க்காதீர்கள். இரவில் டேங்கிலிருந்து ஆயில் மெல்லப் பானுக்கு இறங்கிவிடும். காலியாக இருக்கிறதே என்று ஊற்றினால், ஸ்டார்ட் செய்ததும் அதிகப்படியான ஆயிலெல்லாம் டேங்கின் காற்றுக் குழாயான பிரீதர் வழியே, வழிவதைப் பிடிக்கும் கேட்ச் கேனுக்குப் போய்விடும். எஞ்சின் சூடாகி ஓடும்போது பார்த்து ஊற்றுங்கள். ஆயில் ஜாஸோ எம்ஏ தரமாக (ஆயிலில் நனைந்த பைக் கிளட்சுக்கான தரம்) இருக்கட்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.