பென்சில் டிக் போட்ட இடத்தில் கையெழுத்து

டெல்லி மயூர் விஹாரில் பக்கத்து வீட்டு மாமிக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி நர்ஸ் ஒரு சம்மத ஃபார்மை நீட்டினார். பென்சிலால் டிக் போட்ட இடங்களில் மாமா கையெழுத்துப் போட வேண்டுமாம். என்ன ஆபரேஷன் என்று எழுத வேண்டிய கோடு காலி. மாமியோ கட்டிலில் உட்கார்ந்து போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார்! அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

2008லேயே உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தீர்ப்பு சொல்லிவிட்டது. அதுவும் டெல்லி வழக்குதான். லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமராவால் உள்ளே பார்ப்பது) பரிசோதனைக்குச் சம்மதித்த ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய அம்மாவிடம் கேட்டுக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது கோர்ட். நஷ்டஈடு 25,000 ரூபாய். (அந்தத் தொகையை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.)

மறுநாள் காலை சர்ஜனையே கேட்டோம். பித்தநாளத்தில் காயம் படலாம், துளை வழியாக முடியாவிட்டால் வயிற்றைத் திறக்க நேரலாம் என்று பொறுமையாகச் சொன்னார். நல்ல மனுஷர்தான். “சரி, பண்ணுங்கோ” என்று மாமியே கையெழுத்துப் போட்டார்.

சிக்கல் வந்தாலே டாக்டர் தப்பு என்று ஆகிவிடாது. அப்புறம், மருத்துவ ரெக்கார்டு கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருஷம் வரை நேரம் இருக்கிறது.