அக்னி நட்சத்திரமும் வைட்டமின் டி-யும்: கர்ப்பகால நாட்குறிப்பு

மே 5, 2025, திங்கள்

நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கியது. இப்படிக் கொளுத்துகிற ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று ஒவ்வொரு கோடையிலும் கர்ப்பிணிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தோலில் வைட்டமின் டி உண்டாக வெயிலின் சூடு காரணமல்ல. அதிலுள்ள புற ஊதா பி கதிர்தான் அந்த வேலையைச் செய்கிறது. சூரியன் தாழ்ந்து நிற்கும் காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும் அந்தக் கதிர் தரைக்கு வந்து சேர்வது மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அது போதிய அளவு கிடைக்கும். சென்னையில் மே மாதத்தில் அது ஏறக்குறைய காலை 9 முதல் மாலை 3 வரை. அந்த நேரத்தில் பாதிப் பேர் வீட்டுக்குள்ளோ அலுவலகத்திலோ இருப்பார்கள். வெளியே போகிறவர்களும் முழுக்கைச் சட்டை, துப்பட்டா, குடை என்று போர்த்திக்கொண்டுதான் போவார்கள். ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். கருத்த தோலுக்கு அதே அளவு வைட்டமின் உண்டாகக் கூடுதல் நேரம் வேண்டும்.

வயிற்றுப்பிள்ளையோடு உச்சிவெயிலில் நிற்கச் சொல்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. உடம்பில் நீர் வற்றும், தலை சுற்றும். முடிந்தவர்கள் 9 மணிக்கு மேல் கால் மணி நேரம் கை, கால், முகத்தில் வெயில் படும்படி நடக்கலாம். அதை நம்பி வைட்டமின் டி மாத்திரையை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

மே 7, புதன்

குழந்தை பிறக்கும்போது அதன் உடலில் உள்ள வைட்டமின் டி முழுவதும் தாய் கொடுத்தது. தொப்புள்கொடி ரத்தத்தில் இருக்கும் அளவு தாயின் அளவில் ஏறக்குறைய 50 முதல் 80 சதவீதம். தாய்க்கு மி.லி.க்கு 10 நானோகிராம் என்றால் குழந்தை 5 அல்லது 8-உடன் பிறக்கிறது.

பத்து மாதத்தில் குழந்தையின் எலும்புக்குள் சுமார் 30 கிராம் கால்சியம் போய்ச் சேர்கிறது, அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில். அதற்காகத் தாயின் குடல் உணவிலிருந்து கால்சியத்தை இருமடங்காக உறிஞ்சத் தொடங்கும். நஞ்சுக்கொடியும் கால்சியத்தைக் குழந்தை பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். தாய்க்குக் குறைபாடு இருந்தாலும் பெரும்பாலான குழந்தைகள் சரியான கால்சியத்தோடும் நல்ல எடையோடும் பிறப்பது இதனால்தான். கொடி வெட்டிய பிறகு இந்த வரத்து நின்றுவிடுகிறது. அதற்குப் பின் குழந்தை தன் குடலால்தான் கால்சியத்தை எடுத்தாக வேண்டும். அதற்கு வைட்டமின் டி வேண்டும், அந்தக் கையிருப்பு இல்லாத குழந்தைக்குச் சிக்கல் இங்கே தொடங்குகிறது. பிறந்த அன்று நன்றாக இருந்ததைப் பார்த்து, குறை எதுவும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மே 10, சனி

ரத்தப் பரிசோதனை பற்றி. கேட்க வேண்டியது, உடலின் வைட்டமின் டி கையிருப்பைக் காட்டும் 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. பெயரில் ஒத்திருக்கும் 1,25 டைஹைட்ராக்ஸி என்ற இன்னொரு பரிசோதனையும் உண்டு. கர்ப்பத்தில் அது இயல்பாகவே இரண்டு, மூன்று மடங்கு உயரும். அதை எடுத்துவிட்டால் குறைபாடு உள்ளவருக்கும் எல்லாம் சரி என்பதுபோலத் தெரியும்.

அடுத்து அலகு. இங்கே நானோகிராம்/மி.லி. என்று அச்சிடுவார்கள். வெளிநாட்டில் எடுத்த ரிப்போர்ட்டில் நானோமோல்/லிட்டர் என்று இருக்கலாம். அந்த எண்ணை 2.5-ஆல் வகுக்க வேண்டும். 45 என்பதை அப்படியே படித்தால் நல்ல அளவு, வகுத்தால் 18. 20-க்குக் கீழே போனால் குறைபாடு என்றுதான் பெரும்பாலான மருத்துவர்கள் கொள்கிறார்கள், 12-க்குக் கீழே கடுமையானது.

முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை ஆய்வகத்தில் சொல்லிவிட வேண்டும். சில கருவிகளில் பயோட்டின் வைட்டமின் டி அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற எலும்புக் குறியீடு கர்ப்பத்தில் நம்பத்தக்கதல்ல, நஞ்சுக்கொடியே அதைச் சுரக்கிறது. மொத்தக் கால்சியமும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் இறங்குவதால் சற்றுக் குறைந்தே வரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லை என்பது எங்கள் கருத்து. அமெரிக்க எண்டோகிரைன் (ஹார்மோன் மருத்துவ) சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் கர்ப்பிணிகள் அனைவருக்கும் பரிசோதனை வேண்டாம் என்றே சொல்கிறது. வலிப்பு மருந்து (ஃபெனிடோயின், ஃபீனோபார்பிட்டோன், கார்பமாசபைன்) சாப்பிடுபவர், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர், உடல் பருமன் அதிகமுள்ளவர், சிறுநீரகம், கல்லீரல் நோய் உள்ளவர், குத்தவைத்து எழ முடியாமல் தொடையும் இடுப்பும் வலிப்பவர், முந்தைய குழந்தைக்கு ரிக்கெட்ஸோ (எலும்பு மென்மையாகி வளையும் நோய்) கால்சியம் குறைந்து வலிப்போ வந்தவர்: இவர்களுக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மே 14, புதன்

எவ்வளவு சாப்பிட வேண்டும்? இங்கே வழிகாட்டுதல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016-இலும் 2020-இலும், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகத் தர வேண்டியதில்லை என்றது. குறைபாடு இருக்கும் என்று தோன்றினால் தினம் 200 யூனிட். பிரிட்டனில் தினம் 400. இந்திய அரசின் கால்சியம் திட்டத்தில் ஒரு மாத்திரையில் 500 மி.கி. கால்சியமும் 250 யூனிட் வைட்டமின் டி3-யும் இருக்கும். 14-வது வாரத்திலிருந்து தினம் இரண்டு, பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை. ஆக, 500 யூனிட் கிடைத்துவிடுகிறது. இந்திய ஊட்டச்சத்துப் பரிந்துரை 600. எண்டோகிரைன் சங்கம் கணக்கில் எடுத்த ஆய்வுகளில் 600 முதல் 5,000 வரை கொடுத்திருந்தார்கள், சராசரி சுமார் 2,500. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் 4,000-ஐத் தாண்டக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை.

இலவசமாகக் கிடைக்கும் அந்த இரண்டு மாத்திரையைத் தவறாமல் விழுங்குவதுதான் அடித்தளம். குறைபாடு உறுதியானவருக்கு அதற்கு மேல் தினம் 1,000 அல்லது 2,000 சேர்ப்பதை மருத்துவர் முடிவு செய்வார். 25 ஹைட்ராக்ஸி அளவு மெதுவாகத்தான் நகரும். மறுபரிசோதனையை மூன்று மாதம் கழித்து வைத்துக்கொண்டால் போதும், இரண்டு வாரத்தில் பார்ப்பது பண விரயம்.

மே 16, வெள்ளி

கால்சியம் மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது. சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாகச் சேரும், வயிற்று உப்புசமும் குறையும். இரண்டையும் ஒரே வேளையில் விழுங்குவது வீண். ஒரு நேரத்தில் 500 மி.கி.க்கு மேல் குடல் சரியாக எடுத்துக்கொள்ளாது. காலை டிபனோடு ஒன்று, மதியச் சோற்றோடு ஒன்று, சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை இரவில். கால்சியத்துக்கும் இரும்புக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லையென்றால் கால்சியம் இரும்பை உள்ளே விடாது, ஹீமோகுளோபின் ஏறாது.

கேழ்வரகில் கால்சியம் நிறைய உண்டு, வைட்டமின் டி கிடையாது. மத்தி மீனில் உண்டு. ஒரு முட்டை மஞ்சள்கருவில் சுமார் 40 யூனிட். செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட், ஆக 200 மி.லி. டம்ளருக்கு 40 முதல் 60. சாப்பாட்டில் மட்டும் 600-ஐ எட்டுவது கடினம்.

மே 19, திங்கள்

இன்று, குறைபாட்டுக்குத் தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரை பற்றி மட்டும். இது வாரம் ஒருமுறை, மருத்துவர் சொன்ன வாரங்களுக்கு மட்டும். சீட்டில் எழுதியது சரியாக இருந்தாலும் வீட்டில் தவறிப்போகிறது. மற்ற மாத்திரைகள் எல்லாம் தினசரி என்பதால் இதையும் தினமும் போட்டுவிடுகிறார்கள். வாரம் ஒன்று என்றாலே நாளுக்குச் சுமார் 8,570 யூனிட் ஆகிறது. தினமும் போட்டால் வாரத்துக்கு 4,20,000. சில வாரத்தில் ரத்தக் கால்சியம் ஏறும்: வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு. இதில் பாதி கர்ப்பத்தில் இயல்பாக வருவதுதான், அதனால் கண்ணில் படாமல் போகிறது. அட்டையின் மேல் கிழமையை எழுதி வையுங்கள்: 'ஞாயிறு மட்டும்'. எத்தனை வாரம் என்பதையும் எழுதுங்கள். சீட்டு முடிந்த பிறகு கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள்.

குறைபாடு கடுமையாக இல்லாதபோது தினசரிச் சிறு அளவே எங்கள் விருப்பம். ரத்தத்தில் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்கும், தவறு நேர்ந்தாலும் ஆபத்து சிறியது.

மே 24, சனி

குழந்தைக்குச் சொட்டு மருந்து. தாய்ப்பாலில் ஏறக்குறைய எல்லாம் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் வைட்டமின் டி மிகக் குறைவு. லிட்டருக்கு 20 முதல் 80 யூனிட்தான். குழந்தைக்கு வேண்டியது தினம் 400, பிறந்த முதல் சில நாட்களிலிருந்து ஒரு வயது வரை. பிரசவ அறையில் போட்ட ஊசி வைட்டமின் கே. அது ரத்தக்கசிவைத் தடுக்க. அதை டி என்று நினைத்துச் சொட்டு மருந்தை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. இளவெயிலில் காட்டினால் போதும் என்பதும் தவறு. 7 மணி வெயிலில் அந்தப் புற ஊதா பி கதிர் மிகக் குறைவு, பிஞ்சுத் தோலை உச்சிவெயிலில் காட்டவும் கூடாது. மஞ்சள்காமாலைக்கு வைக்கும் நீல விளக்கிலும் வைட்டமின் டி உண்டாகாது.

பாட்டில் வாங்கும்போது 1 மி.லி.யில் எத்தனை யூனிட் என்று படியுங்கள். 400 என்றால் 1 மி.லி., 800 என்றால் அரை மி.லி. பெரியவர்களுக்கான 5 மி.லி. குப்பியில் 60,000 யூனிட் இருக்கும், அதில் 1 மி.லி. என்பது 12,000: குழந்தையின் 30 நாள் அளவு ஒரே வேளையில். அந்தந்தப் பாட்டிலோடு வந்த டிராப்பரை மட்டும் பயன்படுத்துங்கள். இந்த டிராப்பர் குழப்பத்துக்காகவே அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010-இல் எச்சரிக்கை விட்டது. கன்னத்தின் உட்பக்கமாக மெல்லச் சொட்டுங்கள். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகத் தர வேண்டாம்.

மே 27, செவ்வாய்

கால்சியம் குறைந்தால் குழந்தைக்கு வலிப்பு வரலாம். நாலைந்து நாளிலிருந்து சில வாரங்கள் வரையுள்ள குழந்தைக்குக் கை கால் துடித்தால், அந்தக் கையை மெல்லப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் நின்றால் பெரும்பாலும் நடுக்கம். பிடித்தும் உள்ளே துடித்துக்கொண்டே இருந்தால், கண் ஒரு பக்கம் நிலைகுத்தினால், நிறம் மாறினால் வலிப்பு, உடனே மருத்துவமனை. நடுக்கம் நின்றாலும் அன்றே காட்டிவிடுங்கள். பசும்பால் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதில் பாஸ்பரஸ் தாய்ப்பாலைவிடப் பலமடங்கு அதிகம், அது கால்சியத்தை இன்னும் கீழே இழுக்கும். குழந்தையின் சர்க்கரை, கால்சியம், மக்னீசியம், பாஸ்பரஸ் பார்ப்பார்கள். மக்னீசியம் குறைவாக இருந்தால் எவ்வளவு கால்சியம் ஏற்றினாலும் நிற்காது. தாயின் வைட்டமின் டி-யையும் அன்றே பார்க்க வேண்டும், காரணம் பல நேரம் அங்கேதான் இருக்கிறது.

மே 30, வெள்ளி

வைட்டமின் டி போட்டால் ரத்தக்கொதிப்பு வராது, குழந்தைக்கு ஆஸ்துமா வராது என்றெல்லாம் சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் தினம் 4,400 யூனிட் கொடுத்த ஆய்வில் மூன்று வயதில் ஆஸ்துமாவோ தொடர் இளைப்போ 24.3 சதவீதம், குறைந்த அளவு எடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு 30.4. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவில்தான் கணக்கு நின்றது. டாக்காவில் 2018-இல் வெளிவந்த ஆய்வில், வாரம் 28,000 யூனிட் வரை கொடுத்தும் ஒரு வயதில் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. குறைபாடு இல்லாமல் பார்த்துக்கொள்வதன் பலன் தெளிவு; போதுமான அளவுக்கு மேல் கூட்டிக்கொண்டே போவதன் பலன் தெளிவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு வரி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்: தாய்க்குக் கால்சியம் மாத்திரை ஆறு மாதம், குழந்தைக்குச் சொட்டு மருந்து தினம் 400 யூனிட், பாட்டிலின் மி.லி. கணக்கோடு. பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். அடுத்த பாட்டில் எப்போது வேண்டும் என்பது அதிலேயே தெரியும்.