சத்தமாகக் கேட்க வேண்டாம்

மகனைப் புலமைப்பரிசில் வகுப்பில் சேர்க்கும் பேச்சு வீட்டில் எழுந்தபோதுதான் என் உடம்பு என்னைக் காட்டிக்கொடுத்தது. ஐந்தாம் தரத்துப் பிள்ளைகள் எல்லோரும் போகும் வகுப்புத்தான். ஆனால் கட்டணம் கட்டப் போனவன் வாசலிலேயே வியர்த்து நனைந்து திரும்பிவிட்டேன். அதே வயதில், அதே பரீட்சைக்கு எனக்குப் படிப்பித்தவர், மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கணக்குப் பிழை என்று என்னை மட்டும் மறித்து வைப்பார். நடந்த பாலியல் துஷ்பிரயோகத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. இருபது வருடங்களுக்கு மேலாக யாரிடமும் சொல்லாதவன், திருகோணமலையில் உதவி தேடிப் போன வழியை மட்டும் எழுதுகிறேன். முக்கியமாக, என்னைப் போன்ற ஆண்களுக்காக.

பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் நமக்கு இடமே இல்லை என்று தோன்றும். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பணியகம். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். எல்லாம் அவசியமானவை. ஆனால் முப்பதைத் தாண்டிய ஆண் யாருடைய மேசைக்கு முன் போய் உட்காருவது? நான் முதலில் போன ஓர் அலுவலகத்தில் "மனைவிக்கா, பிள்ளைக்கா?" என்று கேட்டார்கள். "எனக்கு" என்றேன். அந்த உத்தியோகத்தர் பேனாவை மூடி வைத்தார். "ஆண்பிள்ளைதானே தம்பி, மறந்துவிட்டு வேலையைப் பாருங்கள்." அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு நடந்ததை மறந்துவிடு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அன்றிரவு வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்தேன். எந்த நேரமும் அழைக்கலாம். தமிழில் பேச முடியுமா என்று கேட்டதும் தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர் பெயரைக் கேட்கவில்லை, ஊரை மட்டும் கேட்டார். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகும்படியும், கிளினிக் எந்த நாளில் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளும்படியும் சொன்னார். உளநலப் பிரிவில் ஆண், பெண், சிறுவர் என்ற பிரிப்பு இல்லை. இதை யாராவது பத்து வருடங்களுக்கு முன்பே எனக்குச் சொல்லியிருக்கலாம்.

நம்முடையது சின்ன ஊர். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் என் மாமாவோடு கடலுக்குப் போகிறவர். "என்ன வருத்தம்?" என்று கேட்கும் குரல் வரிசையின் கடைசி ஆள் வரை கேட்கும். இதை யோசித்துத்தான் மகனின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்: "சிறு வயதில் எனக்கு நடந்த பாலியல் துஷ்பிரயோகம் பற்றி வைத்தியரிடம் பேச வேண்டும். தயவுசெய்து சத்தமாகக் கேட்க வேண்டாம்." தாதி வாசித்தார். மறுபடியும் அதே மடிப்பில் மடித்து என் கையிலேயே தந்தார். "இந்தப் பக்கம் வாருங்கள், அண்ணா" என்று உள்ளே கூட்டிப்போனார். வாய் திறக்க முடியாதவர்கள் இந்த வழியைப் பயன்படுத்துங்கள். தாள் போதும்.

வைத்தியர் கதை முழுவதையும் சொல்லச் சொல்லவில்லை. நித்திரை எப்படி, கோபம் எப்படி, குடி இருக்கிறதா, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்டார். நித்திரைக்குக் கொஞ்சக் காலம் மருந்து தந்தார். உளவளத்துணைக்கு ஆணா பெண்ணா, யாரோடு பேச விருப்பம் என்றும் கேட்டார். அப்படிக் கேட்காவிட்டால் நாமே சொல்லலாம். ஆரம்பத்தில் நாங்கள் பழையதைத் தொடவேயில்லை. உடம்பு அந்த அறைக்குத் திரும்பிப் போகும்போது பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் பொருட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லப் பழகினேன். பிறகுதான் என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்விக்கு வந்தோம்: நான் ஏன் ஓடவில்லை, ஏன் கத்தவில்லை? உளவளத்துணையாளர் பதில் சொல்லவில்லை. மகனைப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்க்கச் சொன்னார். என் சட்டையின் மூன்றாவது பொத்தான் வரைதான் வந்தான். அவ்வளவு உயரம் உள்ள ஒருவனிடம் போய், வளர்ந்த மனிதரை எதிர்த்திருக்க வேண்டும் என்று யார் சொல்வார்கள்?

மனைவியிடம் சொன்னது அதற்குப் பிறகு, டச்சுக்குடாக் கடற்கரையில். அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஆள் இப்போதும் படிப்பிக்கிறாரா?"

சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணியிடம் போனோம். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணமில்லை. நம் சட்டம் வல்லுறவைப் பெண்ணுக்கு எதிரான குற்றமாகவே வரையறுக்கிறது. ஆனால் 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றம் ஆண்பிள்ளைகளுக்கும் பொருந்தும். என் விடயத்தில் தடை வேறு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456 ஆம் பிரிவின்படி, கொலையும் தேசத்துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்கு 20 வருடங்கள் கடந்தால் வழக்குத் தொடர முடியாது. என் கணக்கில் அந்தக் காலம் முடிந்திருந்தது. பிள்ளை வாய் திறக்கவே அத்தனை வருடங்கள் எடுக்கும் ஒரு குற்றத்துக்கு இப்படி எல்லை வைத்திருப்பது அநியாயம். இந்தச் சட்டம் மாற வேண்டும். உங்களுக்கு இன்னும் காலம் இருந்தால், உடனே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

மனைவியின் கேள்வி மிச்சமிருந்தது. அவர் இப்போதும் வீட்டில் வகுப்பு நடத்துகிறார். எனக்கான வழக்கு முடிந்துபோனாலும், இன்று அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி யாரும் அறிவிக்கலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழைத்தேன். கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம். என்னிடம் கேட்டது இடம், வகுப்பு நேரம், எத்தனை வயதுப் பிள்ளைகள் போகிறார்கள் என்பதைத்தான். முறைப்பாட்டுக்கு ஓர் இலக்கம் தந்தார்கள். அதை வைத்து மறுபடி அழைத்துக் கேட்டபோது, விடயம் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த கிழமையும் அழைத்துக் கேட்பேன்.