முதல் ஊசிக்கு முன்னாலேயே பாலை எடுத்து வையுங்கள்

பாலக்கோடு பக்கம் எங்களுக்கு நான்கு கறவை. மூன்றாவது ஈத்து ஜெர்சிக் கலப்பு ஒன்றுக்கு மடிநோய் வந்து, ஒரு காம்பில் பால் திப்பி திப்பியாக இறங்கியது. மருந்துக்கடையில் சொல்லி வாங்கி இரண்டு நாள் ஊசி போட்டோம், வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிட்டோம். பத்தே நாளில் திரும்ப வந்தது, இந்த முறை மடியில் அந்தப் பக்கம் கல் மாதிரி. டாக்டர் வந்து மூன்று நாள் வேறு ஊசி போட்டும் அசையவில்லை. "மாத்தி மாத்திக் குத்திப் பிரயோசனமில்லைங்க, பாலைக் கல்ச்சர் பண்ணிப் பார்த்துடலாம்" என்றார். பாலில் இருக்கும் கிருமியை ஆய்வகத்தில் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பதுதான் அது.

அதற்குப் பிறகு அலைச்சல்தான். ஆய்வகத்துக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு "பாலைக் கொண்டு வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். கழுவிய தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனேன். ஆய்வக முன் மேசையில் இருந்தவர் டாக்டர் கடிதம் இல்லை என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்தார். டாக்டரே அவரிடம் போனில் பேசி, ஒரு வழியாக உள்ளே விட்டால், அங்கிருந்த பெண் கேட்ட முதல் கேள்வி, "கடைசி ஊசி எப்போ போட்டீங்கண்ணா?" நேற்று சாயங்காலம் என்றேன். அவ்வளவுதான். பாலில் மருந்து இருந்தால் தட்டில் கிருமி வளராது, கிருமியே இல்லை என்று தப்பாக முடிவு வரும் என்றார். இந்த ஒரு வார்த்தையைப் போனில் சொல்லியிருந்தால் ஒரு நாள் வீணாகியிருக்காது, மாடும் இன்னும் ஒரு வாரம் அவதிப்பட்டிருக்காது. பாலில் மருந்து வடியட்டும் என்று ஊசி போடாமல் காத்திருந்த அந்த ஒரு வாரமும் அடிக்கடி கறந்து கீழே விட்டு, சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் என்று அரைத்துப் பூசியே தள்ளினோம்.

இரண்டாவது முறை எல்லாம் சரியாகச் செய்தோம். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் இரண்டு மூன்று பீச்சைத் தரையில் விட்டு, ஆய்வகத்தில் கொடுத்த குப்பியைச் சாய்த்துப் பிடித்து எடுக்க வேண்டும், மூடியைக் கீழே வைக்கக் கூடாது. ஐஸ் பெட்டியில் அன்றே போய்ச் சேர வேண்டும். வெள்ளி, சனி கொண்டு போகாதீர்கள், வளர்த்துப் பார்க்கவே இரண்டு மூன்று நாள் ஆகும்.

முடிவு வாங்கப் போனபோது அந்தப் பெண் தட்டையே காட்டினார். சின்னச் சின்ன மருந்து வில்லைகள், சிலதைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக வட்டம் விழுந்திருந்தது. பென்சிலின் வில்லையின் விளிம்பை ஒட்டிக் கிருமி படர்ந்திருந்தது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி அது, பென்சிலினை உடைக்கிற நொதியைத் தானே சுரக்குமாம். நாங்கள் கடையில் வாங்கிக் குத்தியது அதே பென்சிலின்தான். தாளில் 'ஆர்' என்று போட்டிருந்தால் அந்த மருந்துக்கு அடங்காது, 'எஸ்' என்றால் அடங்கும். 'எஸ்' வந்ததில் ஒன்றை டாக்டர் தேர்ந்தெடுத்து ஐந்து நாள் போட்டார். இரண்டாம் நாளே வீக்கம் குறைந்தது, ஆனாலும் இந்தத் தடவை நிறுத்தவில்லை.

ஊசி போட்ட நாட்களின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றவில்லை, கன்றுக்கும் விடவில்லை, குழியில் கொட்டினோம். கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்று மருந்து அட்டையிலேயே இருக்கும், அட்டையில் போடவில்லை என்றால் பாலுக்குக் குறைந்தது 7 நாள் என்று 2012-லேயே விதி வந்துவிட்டது. வருமானம் போகிறதே என்று வயிறு எரியும், ஆனால் அதைக் குடிக்கப் போவது யாரோ ஒரு வீட்டுக் குழந்தை.

நேற்றுக் காலை அதே காம்பைக் கறுப்புத் துணியில் பீச்சிப் பார்த்தேன். ஒரு திப்பி இல்லை.