மின்விசிறி உபயம்

சென்ற மாதம் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தேன். பெயரெல்லாம் போட வேண்டாம் என்று குருக்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் உடனே "ஆகட்டும்" என்று ஒப்புக்கொண்டதுதான் என்னவோ போலிருந்தது. ஒரு பேச்சுக்காவது வற்புறுத்தியிருக்கலாம்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், பார்ப்பவர்களுக்கும் கொடுக்கத் தோன்றுமே என்ற நல்லெண்ணத்தில், பெயிண்டரை நானே அழைத்துப் போனேன். ஓர் இறக்கையில் 'உபயம்', அடுத்ததில் என் பெயர், மூன்றாவதில் நான் வாங்கிய பட்டம். எல்லாம் சிவப்பில்.

ஸ்விட்சைப் போட்டதும்தான் விஷயம் புரிந்தது. விசிறி சுற்றினால் காற்று வருகிறது, பெயர் தெரிவதில்லை. சிவப்பாக ஒரு வளையம், அவ்வளவுதான்.

நேற்று வெள்ளிக்கிழமை, நல்ல கூட்டம். தீபாராதனைக்குச் சற்று முன் மின்சாரம் போய்விட்டது. எல்லோரும் முந்தானையாலும் துண்டாலும் விசிறிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்கள். இறக்கைகள் மெல்ல மெல்ல நின்றன. அந்த வேர்வையிலும் எனக்கு உள்ளே குளிர்ந்தது. அரைமணி கழித்து மின்சாரம் வந்தபோது முகம் வாடியவன் நான் ஒருவன்தான்.

குறளில் ஈகை 23ஆம் அதிகாரம், புகழ் 24ஆம் அதிகாரம். நடுவில் மூச்சுவிடக்கூட இடமில்லை. அடக்கமுடைமையோ 13இலேயே முடிந்துவிடுகிறது. வள்ளுவர் எங்கள் தெருப் பக்கம் வந்திருப்பாரோ என்னவோ.

அடுத்த முறை சுவர்க்கடிகாரம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். முள் மட்டும்தானே சுற்றும்.